தொம்பையில் இருந்த கை

அன்று ஸ்டூடியோவில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் முதலாளியான சீனக் கிழவர், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் காளியண்ணன், அவர் மனைவி பாவாயி, பாவாயியின் இடுப்பில் ஒரு வயசுப் பெண் குழந்தை. கணக்குப்பிள்ளையும் இருந்தார் என்று காளியண்ணன் இன்றைக்கும் சாதிப்பார். அது தவறு. கணக்குப்பிள்ளை வாசலோடு போனார், உள்ளே வரவில்லை.

ஜப்பான்காரன் சண்டை வருவதற்கு மூன்று நான்கு வருஷம் முந்தி, மலாயாவில் தைப்பிங் ஊரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. குடும்பப் படம் எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று காளியண்ணன் கோட்டெல்லாம் இரவல் வாங்கிப் போட்டு வந்திருந்தார். நான் திரையை இறக்கினேன். ஏரி, இரண்டு அன்னம், பின்னால் பனி மூடிய மலை எழுதிய திரை. பாவாயி அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

"இந்தக் கொளத்துக்கு முன்னால நின்னு நான் ஆருக்குங்க காட்டறது? காட்டறதுக்கு இருந்த ஆத்தாளும் போயிட்டா. என்னையப் புடிக்க வேண்டாமுங்க. எங்க ஊட்டுல ஒரு தொம்பை இருக்குது. அதையப் புடிச்சுக்கிட்டு வர முடியுங்களா?"

தானியம் கொட்டி வைக்க ஆள் உயரத்துக்கு மண்ணால் எழுப்பிய கூடுதான் தொம்பை. அவள் அம்மா தன் கையால் எழுப்பியது. மண் ஈரமாக இருக்கும்போதே, எழுப்பியவள் வாய்ப்பக்கத்தில் உள்ளங்கையை ஒரு தடவை அழுத்தி வைப்பாளாம். கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்டு அம்மாவுக்குச் சுண்டுவிரல் பாதிதான். தொம்பையிலும் அந்த விரல் பாதியாகத்தான் பதிந்திருக்கிறது. அம்மாவுக்கு முகப்படம் ஒன்றும் கிடையாது. போன வருஷம் செத்துப்போனாள். பாவாயியால் போக முடியவில்லை.

நான் மலாயில் மாற்றிச் சொன்னேன். கிழவர் எழுந்து உள்ளே போய், தன் கட்டில் தலைமாட்டில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். சீனாவில் அவர் ஊர் வீட்டு முற்றம். ஒரு மர முக்காலி, ஒரு தண்ணீர்ச் சாடி. ஆள் யாரும் இல்லை. பத்து வருஷமாக அதைத் துடைத்து வைக்கிறவன் நான். அதில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "முகத்தைத் தபாலில் அனுப்ப ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. சாடியை யார் அனுப்புவான்?" என்றார் கிழவர்.

விஷயம் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயங்களிலும் கடைத்தெருவிலும் பரவியது. எட்டுக் குடும்பம் சேர்ந்தது. எல்லாம் சேலம், நாமக்கல் பக்கத்துச் சனம். ஒருவருக்குத் தறி வேண்டும், ஒருவருக்கு ஆடு, ஒருவருக்குக் கிணற்று மேடு. குடும்பத்துக்கு ஒரு படம் என்று, காமிராவோடு எட்டுக் கண்ணாடித் தகடுகளைக் கொடுத்து முதலாளி என்னைக் கப்பலேற்றினார். நானும் அந்தப் பக்கம்தான். எட்டு வயதில், மூன்றாம் வகுப்பில் சிலேட்டை வைத்துவிட்டு அப்பாவோடு போனவன்.

போகுமுன் ஒரு காரியம் செய்தேன். போன இடத்தில் வீடு பூட்டிக் கிடந்தால்? ஆள் சந்தைக்குப் போயிருந்தால்? நாய் அவிழ்த்து விட்டிருந்தால்? எட்டு வீட்டுக்கும் கார்டு எழுதினேன். இன்ன பொருளை இன்ன வாரத்தில் படம் பிடிக்க வருகிறேன் என்று. "சொல்லாமல் போ" என்றுதான் கிழவர் சொன்னார். நான் கேட்கவில்லை.

சேலத்தில் இறங்கிய முதல் நாள் என்னை மலைக்க வைத்தது காற்றுதான். தைப்பிங்கில் துவைத்த துணி மூன்று நாள் காயாது. இங்கே உதறுவதற்குள் காய்ந்துவிடுகிறது. மூக்குக்குள் புழுதி வாசனை. அப்பாவின் தலைப்பாகையில் இருந்த அதே வாசனை. கிளப்புக் கடையில் நாலு இட்லி தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தேன். உப்புக் கரித்தது. அங்கே ஓடைத் தண்ணீருக்கு ருசியே கிடையாது. இந்த உப்பை நாக்கு மறந்திருக்கவில்லை. இன்னும் ஒரு செம்பு வாங்கிக் குடித்தேன். குடித்தபின் வயிற்றுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் அன்று முழுக்க வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் ஆட்டையாம்பட்டி. குழித்தறி ஒன்றைப் பிடிக்க வேண்டும். தைப்பிங்கில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கு, பாதி நெய்த சேலையோடு அண்ணனின் தறியைப் பார்க்க ஆசை. சின்னப் பையனாக இருந்தபோது பாவு இழைக்குள் விரல் நுழைத்து அவர் அடி வாங்கிய தறியாம். நான் போனபோது தறியில் பாவும் இல்லை, சேலையும் இல்லை. கட்டைகளை எண்ணெய் போட்டுத் துடைத்து, குழிக்குள் கோலம் போட்டிருந்தது.

"சேலை எங்கேங்க?" என்றேன்.

"அறுத்து எடுத்தாச்சுங்க. கப்பலேறிப் போற படத்துல அரைச் சேலை இருந்தா நல்லாவா இருக்கும்? துப்புரவா வெச்சிருக்கோம், புடிங்க" என்றார் நெசவுக்காரர். நெஞ்சு நிறைய பெருமை. கோலத்தைப் பிடித்தேன்.

மூன்றாம் நாள் மேச்சேரி. அங்கே ஒரு கிடா. செவலைக் கிடா, கொம்பு இரண்டு சுற்று. கார்டு கண்டதும் அதைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, கழுத்தில் செவ்வந்தி மாலை போட்டு வைத்திருந்தார் மேய்ப்பவர். பார்த்தால் நேர்ந்துவிட்ட ஆடு மாதிரி இருந்தது. ஆட்டுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். நான் காமிராவின் மூடியைக் கழற்றியதும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டியது. பின்னால் கழுவிப் பார்த்தபோது படத்தில் இரண்டு தலை.

அன்று சாயங்காலம் மேச்சேரிச் சாலையோரம் களியும் கீரையும் தின்றுகொண்டிருக்கும்போதுதான் எனக்குச் சுரீரென்றது. படம் என்றால் இந்த ஊரில் ஒன்றைச் சிங்காரிக்காமல் நிறுத்தமாட்டார்கள். தறிக்கு எண்ணெய், ஆட்டுக்கு மஞ்சள். தொம்பைக்கு? தொம்பைக்கு என்ன செய்வார்கள்? பாவாயியின் வீட்டுக்கும் நான் கார்டு போட்டிருக்கிறேன். போட்டு ஒரு மாசம் ஆகிறது.

அடுத்த நாள் நாமக்கல்லுக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் என் தகட்டுப் பெட்டியைத் தூக்கிக் கூரையில் போட்டுவிட்டார். கூரையில் அடிக்கிற வெயிலுக்குத் தகடு பாழாய்ப்போகும். கெஞ்சிப் பார்த்தேன். "உள்ளார மனுசருக்கே எடமில்ல" என்றார். நானும் கூரைக்கு ஏறி, புளி மூட்டைமேல் உட்கார்ந்து, பெட்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தேன். கூரையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள்.

"ஏனுங்க பூட்சுக்காரரே, நீங்க வெயில்ல காயறீங்க, பெட்டிக்குக் கொடை புடிக்கறீங்க. உள்ளார என்ன, பொண்டாட்டிங்களா?"

"கண்ணாடிங்க. சூடு ஆகாதுங்க."

"பொண்டாட்டியேதான்!" என்றார் இன்னொருவர். கூரையே குலுங்கியது.

ராசிபுரம் தாண்டி இஞ்சினில் ஆவி கிளம்பி பஸ் நின்றது. க்ளீனர் தண்ணீர் தேடி மாடு கட்டி இறைக்கும் ஒரு கவலைக் கிணற்றுக்கு ஓடினான். சாலையோரம் ஒரு கிழவி சுட்ட பனங்கிழங்கு விற்றாள். ஆளுக்கொன்று நாரை உரித்துத் தின்றோம். மலாயாவில் எதைத் தின்றாலும் பழ ஈரம் கையில் ஒட்டும். இங்கே நார் பல்லில் மாட்டிக்கொள்ளும். அப்பா பல் குத்திக்கொண்டே கதை சொல்லுவது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. பொழுது இறங்க, தூரத்தில் நாமக்கல் பாறை தெரிந்தது. அப்பா தோள்மேல் நான் உட்கார்ந்திருந்தபோது அது எவ்வளவோ பெரியதாக இருந்தது. பாறை குறுகவில்லை, நான் தோளிலிருந்து இறங்கிவிட்டேன், அவ்வளவுதான்.

நாமக்கல்லைச் சுற்றி நாலு தகடு தீர்ந்தது. ஒரு கிணற்று மேடு, ஒரு அம்மிக்கல், ஒரு புளியந்தோப்பு. நாலாவது ஒரு வீட்டு நிலைப்படி; அதற்கும் புதுச் சிவப்புச் சாயம் பூசியிருந்தார்கள். தோப்பை மட்டும் எவராலும் கழுவ முடியவில்லை. அதுதான் நன்றாக வந்தது. திருச்செங்கோட்டுச் சாலையில் ஒரு வீட்டில் உறியும் பானையும் பிடித்தேன். மிச்சம் ஒரு தகடு. அது பாவாயியுடையது.

ஆறாம் நாள். திருச்செங்கோட்டுக்கு மேற்கே சாலையில் இறங்கி, ஒரு மாட்டு வண்டியில் இரண்டு மைல். இருபுறமும் சோளத்தட்டு, நடுநடுவே ஆமணக்கு, எங்கே பார்த்தாலும் பனை. வண்டி பள்ளத்தில் விழும்போதெல்லாம் பெட்டியை மடியில் தூக்கிக்கொண்டேன். உச்சி வேளைக்குப் பாவாயியின் அண்ணன் வீடு வந்தது.

வாசலில் கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார். பேர் செங்கோடன். நாற்பது வயது இருக்கும். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"படப்பெட்டிக்காரருங்களா?"

"ஆமாங்க. பாவாயி அக்கா அனுப்பி…"

"அப்படி ஒருத்தி எனக்கு இல்லீங்க. அவ கணக்க அழிச்சுப்போட்டேன். நீங்க வெளியூர்க்காரரு, உண்டுபோட்டுப் போங்க."

சொல்லிவிட்டுக் கட்டிலில் திரும்பி உட்கார்ந்துகொண்டார். எனக்கு முதுகு. நான் போவதா, நிற்பதா என்று தெரியாமல் பெட்டியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அவர் மனைவி செல்லாயி ஓடி வந்தாள். "ஊட்டுக்குள்ள வாங்க சாமி. அவிய பேச்சு அப்படித்தான். கம்பஞ்சோறு ஆக்கியிருக்கறேன், கொள்ளுப் பருப்பு கடைஞ்சிருக்கறேன்."

சோறு எங்கே நினைவில்? "முதல்ல தொம்பையைக் காட்டுங்கக்கா" என்றேன்.

உள் அறையில் இருட்டு. கண் பழகியதும் தெரிந்தது. மூலையில் தொம்பை, முட்டை ஓடு மாதிரி வெள்ளை வெளேரென்று நின்றது. செம்மண்ணும் சாணியும் குழைத்து ஒரு பூச்சு. அதன்மேல் சுண்ணாம்பு. அடியில் காவிப் பட்டை. வாய்ப்பக்கம் தடவிப் பார்த்தேன். வழவழ என்றிருந்தது.

"கை இருந்துச்சேக்கா. ஆத்தா கை."

செல்லாயிக்கு முகம் செத்துவிட்டது. "கார்டுல தொம்பையப் படம் புடிக்கன்னுதானே எழுதியிருந்துச்சு? தபால்காரரு படிச்சாரு. கைன்னு ஒரு வார்த்தை இல்லீங்களே! பொகை ஏறிக் கன்னங்கரேல்னு கெடந்துச்சுங்க. அப்படியே காட்டுனா, மாமியா செத்ததும் செல்லாயி ஊட்ட நாறவுட்டுப்போட்டான்னு பாவாயி நெனைக்க மாட்டாளா? மூணு நா பூசுனேன் சாமி."

அவள் சொன்னது வாஸ்தவம். கையைப் பற்றி நான் எழுதவில்லை. கார்டில் இடம் போதவில்லை. என் எழுத்துப் பெரிது. கடல் தாண்டி ஒரு கையைத் தேடி வந்து, வருமுன்னே கார்டு போட்டு அதை நானே மூடிவிட்டேன்.

செல்லாயி ஒரு கரண்டியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தாள். சுண்ணாம்போடு பழைய மண்ணும் சில்லாகப் பெயர்ந்து விழுந்தது. "வேண்டாமுங்க, வேண்டாமுங்க!" என்று கையைப் பிடித்துவிட்டேன். இன்னும் இரண்டு சுரண்டல் போனால் அடியில் இருப்பதும் போய்விடும். இரண்டு பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

சோறு போடும்போது, செல்லாயி வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். காளியண்ணன் வண்டி மாடு வாங்க முப்பது ரூபாய் கடன் வாங்கினார். செங்கோடன் ஜாமீன். மாடு நோவில் செத்தது. புருஷனும் பெண்டாட்டியும் சொல்லாமல் கப்பலுக்குப் போய்விட்டார்கள். கடன்காரன் வந்து செங்கோடனின் எருமையை ஓட்டிக்கொண்டு போனான்.

"பாவாயி பொறவு ரெண்டு தடவ மணியார்டர் அனுப்புனா சாமி. பதினொரு ரூபா. அதைய எங்கூட்டுக்காரரு வாங்கிக்கிட்டாங்க. மாமியா செத்ததுக்கு அவ வல்லீன்னதும், மூணாவது வந்ததைத் திருப்பி அனுப்பிப்போட்டாங்க. கணக்கே வேண்டாம்னு போட்டாங்க. அவ பேரைச் சொன்னா சோத்துல கை வெக்க மாட்டாங்க."

இது ஒன்றையும் பாவாயி என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

வெயில் மேற்கே சாய்ந்தது. நான் கிளம்ப வேண்டியதுதான். வெறும் வெள்ளைத் தொம்பையைப் பிடித்துக்கொண்டு போய் அவள் கையில் எப்படிக் கொடுப்பது என்ற யோசனையில் அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். செல்லாயி எனக்கு வெற்றிலை வைத்த பித்தளைத் தாம்பாளத்தோடு கொல்லைக் கதவு வழியாக உள்ளே நுழைந்தாள். தாம்பாளத்தில் பட்ட வெயில் தெறித்துச் சுவரில் ஓடி, பக்கவாட்டில் தொம்பையைத் தடவிக்கொண்டு போனது.

"நில்லுங்க! அங்கேயே நில்லுங்க! கொஞ்சம் இக்கட்டால, இந்தப் பக்கமாச் சாய்ங்க!"

பூச்சு கையை மூடியிருந்தது, ஆனால் நிரப்பவில்லை. நேர் வெளிச்சத்தில் ஒன்றுமில்லை. சாய்ந்து விழும் வெளிச்சத்தில், அந்த வெள்ளையில், மெல்லிய நிழலாக ஒரு உள்ளங்கை எழுந்தது. நாலு விரல் முழுதாக. ஐந்தாவது பாதி.

காமிரா முக்காலியை விரித்தேன். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தேன். கை தலைகீழாகத் தெரிந்தது. ஆனால் நிலையாக இல்லை, துடித்தது. செல்லாயிக்கு உடம்பெல்லாம் நடுக்கம். வெளிச்சமும் கூடவே நடுங்கியது. நாற்பது எண்ணும் வரை அசையாமல் பிடித்தால்தான் இந்த இருட்டில் படம் விழும். தகடோ ஒன்று. வெயிலோ இன்னும் கால் மணி நேரம்.

"என்னால முடியலீங்க" என்று செல்லாயி வாசல் பக்கம் குரல் கொடுத்தாள். "ஏனுங்க, இங்க வந்து இதையப் புடிங்க."

"எனக்கென்னத்துக்கு?"

"அத்தை கை தெரியுதுங்க."

கட்டில் கிறீச்சிட்டது. செங்கோடன் வந்து கதவோரம் நின்றார். தொம்பையைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. வெயில் போகிறதே என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். பிறகு செல்லாயி கையிலிருந்து தாம்பாளத்தை வாங்கினார். அது அவர் கையில் அறைந்து வைத்த மாதிரி நின்றது.

"எத்தன நேரம்?"

"நாப்பது எண்ணற வரைக்குங்க."

"நானே எண்ணிக்கறேன். நீங்க உங்க சோலியப் பாருங்க."

மூடியைக் கழற்றினேன். அவர் எண்ண ஆரம்பித்தார். "லாபம். ரெண்டு. மூணு." தானியம் அளக்கிறவர்கள் ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அந்தத் தொம்பையிலிருந்து அவர் அம்மா அப்படித்தான் அளந்து கொடுத்திருப்பாள். அதே இழுப்பில், மரக்காலுக்கு மரக்கால் நிறுத்தி எண்ணினார். இருபத்தாறோடு குரல் நின்றுவிட்டது. தாம்பாளம் பிடித்த கை மட்டும் அசையவில்லை. மிச்சம் பதினாலை நான் மனசுக்குள் எண்ணி மூடியைப் போட்டேன். வெளிச்சம் படாமல் தகட்டை மூடியிருக்கும் மறைப்பை முதலில் இழுத்தேனா என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது. இழுத்தேன். இழுத்தேன் என்றுதான் நினைத்தேன். கப்பலில் பாதி வழி வரைக்கும் அப்படி நினைத்துக்கொண்டேதான் வந்தேன்.

மறுநாள் விடிந்ததும் செங்கோடன் என் முக்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு சாலை வரைக்கும் நடந்து வந்தார். பஸ் தூரத்தில் புழுதி கிளப்பியதும் முக்காலியை இறக்கினார்.

"அவகிட்டச் சொல்லுங்க."

"என்னங்க சொல்லோணும்?"

"பத்தொம்பது ரூபா பாக்கி நிக்குதுன்னு சொல்லுங்க." துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "கையில கொண்டாந்து குடுக்கோணும். மணியார்டரு கினியார்டரெல்லாம் நான் வாங்க மாட்டேன்."

தைப்பிங்கில் கிழவரும் நானும் அந்தத் தகட்டைக் கடைசியாகக் கழுவினோம். தட்டில் மருந்துக்கடியில் முதலில் எழுந்தது பாதிச் சுண்டுவிரல். "புகை பிடித்த பழைய மண்ணாக இருந்திருந்தால் அந்த இருட்டில் ஒன்றுமே விழுந்திருக்காது. பூசிய பெண்ணுக்கு ஒரு பிரதி அனுப்பு" என்றார் கிழவர். அனுப்பினேன். முன்கூட்டிக் கார்டு எதுவும் எழுதவில்லை.

பாவாயி படத்தை வாங்கிப் பார்த்தாள். முந்தானையால் கையைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். "அண்ணன் ஏதாச்சும் சொல்லுச்சுங்களா?" என்றாள்.

இதை எப்படிச் சொல்வது என்று கப்பல் முழுக்க நான் மென்று விழுங்கிய வார்த்தை. கடனைக் கேட்டார் என்று சொன்னால் அழுவாளோ என்று பயம். சொல்லிவிட்டேன். கையில் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னதையும் சொன்னேன்.

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, காதுல உளுந்துச்சுங்களா? பத்தொம்பது ரூபா நிக்குதாம்!" என்றாள். அப்படி ஒரு சிரிப்பை அந்த முகத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அடுத்த வருஷம் போகிறோம் என்றார்கள். அந்த வருஷம் அடுத்த பிள்ளை பிறந்தது. பிறகு சண்டை வந்து கப்பல் நின்றது. இப்போது மறுபடியும் கப்பல் ஓடுகிறது என்று கேள்விப்பட்டுப் போன வாரம் பாவாயி ஸ்டூடியோவுக்கு வந்தாள், நாலு பேருக்குக் கட்டணம் எவ்வளவு ஆகும் என்று விசாரித்துச் சொல்லச் சொல்லி. முடிச்சிட்ட துணி ஒன்றை இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள். கட்டணப் பணம் வேறு, இது வேறு என்றாள். அண்ணனுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, ரூபாய் பத்தொன்பது.